ஐந்து கட்டங்களுக்குள் அடங்காத மறுப்பு: நெல்லைச் சீமைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில ஆசிரியர்களும் கலப்புமுறைக் கற்பித்தலும்

எங்கள் கல்லூரியில் தர மதிப்பீட்டுக்கான ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருந்த பருவத்தில், நேர்வகுப்போடு இணையவழியையும் கலந்து நடத்தும் கலப்புமுறைக் கற்பித்தல் குறித்து ஆசிரியர்களின் மனப்பான்மையை அறிவதற்கென்று ஒரு கூகுள் படிவம் சுற்றுக்கு வந்தது. அதில் இருபது வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பது வரை ஐந்து கட்டங்கள். ஆங்கிலத் துறையில் நாங்கள் ஏழு பேர். என்னையும் சேர்த்து ஆறு பேர் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களையும் ஏற்றுக் குறித்திருந்தோம். துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும் பெரும்பாலானவற்றுக்கு மறுப்புத் தெரிவித்திருந்தார். பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தவர். கரும்பலகையை விட்டு நகராதவர் என்று பெயர் வாங்கியவர். ஆகவே யாரும் வியப்படையவில்லை. ‘வயசானவுக அப்படித்தான் சொல்லுவாக’ என்பதோடு பேச்சு முடிந்தது.

அதே வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில், அவர் ஆசிரியர் அறையின் மூலையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாட்டுக் கேட்கிறார் என்றே நினைத்தேன். அருகில் சென்றபோதுதான் தெரிந்தது, முதலாண்டு வணிகவியல் மாணவர்கள் முந்தைய இரவு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த ஒரு நிமிட ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சிறு குறிப்பேட்டில் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருக்கிறார் என்று. அந்த வழக்கம் அவரிடம் ஓராண்டுக்கு மேலாக இருந்துவந்திருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் ஏற்பு தெரிவித்திருந்த நான் அந்தப் பருவத்தில் இணையவழியில் செய்திருந்த ஒரே காரியம், கூகுள் கிளாஸ்ரூமில் பதினான்கு பி.டி.எஃப். கோப்புகளை ஏற்றியதுதான்.

மறுத்தவர் செய்துகொண்டிருக்கிறார், ஏற்றவர்கள் செய்யவில்லை என்னும் இந்த முரணே இந்நிகழ்வு ஆய்வின் தொடக்கம். அடுத்த பருவம் முழுவதும் ஏழு பேரோடும் தனித்தனியே பேசினேன். இசைவு தந்தவர்களின் வகுப்புகளில் பின் பெஞ்சில் அமர்ந்து பார்த்தேன். என்னையும் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டேன். ஏழு பேரின் கருத்தை விழுக்காடாக்கி அட்டவணை போடுவதில் பொருளில்லை என்பதால் அதைச் செய்யவில்லை. கல்லூரியின் பெயரையும் ஆசிரியர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இடமும் பாடமும்

கல்லூரி தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது. காலையில் அரசு உதவிபெறும் பிரிவும் பிற்பகலில் சுயநிதிப் பிரிவும் நடக்கின்றன. துறையின் ஏழு பேரில் நால்வர் முதல் பிரிவையும் மூவர் இரண்டாம் பிரிவையும் சேர்ந்தவர்கள். பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் நெல்லைச் சீமை முழுவதிலும் ஆங்கிலம் புழங்குவதாக வெளியூரார் எண்ணுவதுண்டு. அந்தப் புகழ் நகரத்துப் பழைய கல்லூரிகளுக்கு உரியது. எங்களிடம் வருபவர்கள் முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தேறி வருகிறவர்கள். பெரும்பாலோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுள் பலர் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவர்கள்.

இந்த ஆய்வு ஆங்கில இலக்கிய மாணவர்களைப் பற்றியதில்லை. பகுதி 1 தமிழுக்கு அடுத்தபடியாக, வணிகவியலோ வரலாறோ கணிதமோ எதை முதன்மைப் பாடமாக எடுத்தவரும் படித்தாக வேண்டிய பகுதி 2 ஆங்கிலத்தைப் பற்றியது. ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் அதே பெஞ்சில், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவரும் அதே பெஞ்சில். மொழிப்பாடத்தின் இடர் மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஒன்று: கணக்கியலைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், ஆங்கிலத்தை மாணவரே வாயைத் திறந்து சொல்லாவிட்டால் பாடம் நடந்ததாக ஆகாது. ஐம்பது நிமிட வகுப்பில் எழுபது பேரும் ஆளுக்கொரு நிமிடம் பேசக்கூட நேரம் போதாது. கலப்புமுறையைப் பற்றிய எந்த விவாதமும் இந்த எளிய வகுத்தல் கணக்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அது சுற்றறிக்கையிலிருந்து தொடங்கியது.

நாற்பது விழுக்காடு வந்த வழி

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஸ்வயம் என்னும் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தின் வழியாக இருபது விழுக்காடு வரை படிப்புகளை இணையத்தில் படிக்க இடமளித்து, 2021இல் அதை நாற்பது விழுக்காடாக உயர்த்தியது. அதே ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட கருத்துருவில், ஸ்வயம் படிப்புகள் நீங்கலாக, எந்தப் பாடத்திலும் நாற்பது விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சியதை நேரிலும் நடத்தலாம் என்று கலப்புமுறைக்கு ஒரு வடிவமும் தந்தது. இவை நிறுவனங்களுக்குத் தரப்பட்ட இடமே தவிரக் கட்டளைகளல்ல. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும்போது ‘செய்யலாம்’ என்பது ‘செய்க’ என்று மாறிவிடுவது நம் அலுவலக நடைமுறையின் இயல்பு. எங்கள் மேசைக்கு அது ஒரு பக்கச் சுற்றறிக்கையாக வந்தபோது நாற்பது என்ற எண் மட்டுமே மிச்சமிருந்தது. எந்த நாற்பது என்ற கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தது.

அந்தத் தாள் வந்தபோது ஆசிரியர்களின் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்ட பின் ஜூன், ஜூலை வாக்கில் கூகுள் மீட்டில் தொடங்கிய வகுப்புகள் அவை. திரையில் பெயரின் முதலெழுத்து மட்டும் தாங்கிய வட்டங்கள், ‘கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் திரையைப் பார்த்துக் கேட்கும் ஆசிரியர். வருகைப்பதிவு எடுத்து முடித்தவுடன் பாதியாகக் குறையும் எண்ணிக்கை. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவை நான்கு மாதங்களுக்கு இலவசமாக வழங்கியது உதவியாக இருந்தது உண்மை. வட்டங்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்ற ஐயத்தை அது தீர்க்கவில்லை. அமெரிக்கக் கல்வித் தொழில்நுட்பத் துறையினர் சிலர் 2020 மார்ச்சிலேயே இதற்கு ‘அவசரகாலத் தொலைக் கற்பித்தல்’ என்று வேறு பெயரிட்டு, திட்டமிட்ட இணையவழிக் கல்வியோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். அந்த வேறுபாட்டை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால் கலப்புமுறை என்ற சொல்லைக் கேட்டதும் ஏழு பேருக்கும் நினைவுக்கு வந்தது அந்த வட்டங்கள்தாம். ‘மறுபடியும் அந்தக் கூத்தா?’ என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டது ஒரு கொள்கை எதிர்ப்பாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகாமல் போனது நல்லதே. அவர் எதிர்த்தது 2020ஐ.

மறுத்தவரின் வகுப்பு

மூத்த பேராசிரியரின் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் உரைநடைப் பாடத்திலிருந்து ஆறேழு வரிகளைக் கரும்பலகையில் எழுதுவார். எந்த அசையில் அழுத்தம் விழ வேண்டுமோ அதன் தலையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைப்பார். தாம் இரண்டு முறை படிப்பார், வகுப்பைச் சேர்ந்து படிக்கச் சொல்வார், அவ்வளவுதான். செவ்வாய் இரவுக்குள் ஒவ்வொருவரும் அதே வரிகளையும், அதன் தொடர்ச்சியாகச் சொந்தமாக இரண்டு வாக்கியங்களையும் பேசிக் குரல்பதிவாக அவருக்கே தனியாக அனுப்ப வேண்டும். குழுவில் போடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. புதன், வியாழன் இரவுகளில் அவர் கேட்டு, ஒவ்வொருவருக்கும் அரை நிமிடத்துக்குள் குரலிலேயே பதில் சொல்வார். திருத்தம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் தமிழில். வெள்ளிக்கிழமை வகுப்பில், பெயர் எதையும் சொல்லாமல், பலருக்கும் பொதுவாக வந்த ஒரு பிழையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பயிற்சி செய்வார்.

நான் இருந்த வெள்ளிக்கிழமை அவர் எடுத்துக்கொண்டது தோளில் மாட்டும் பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பின்புறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பேக்’தான். வல்லினத்துக்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்து ஒலிக்கும் நம் மரபு தமிழுக்குப் போதுமானது. ஆங்கிலத்துக்கு அது காலை வாரிவிடும். பல மாணவர்கள் ஆங்கிலச் சொற்களின் மேல் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பதால் இந்த இரண்டு சொற்களும் அவர்கள் காதிலேயே ஒன்றாகிவிடுகின்றன. அறுபத்து நான்கு பேரின் பதிவுகளைத் தனித்தனியே கேட்டிராமல் அந்தப் பிழையின் வேர் எழுத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மொழி ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக நாங்கள் செய்யத் தவறியது இது. எங்கள் ஆய்வகத்தின் ஹெட்செட்டுகள் நெகிழிப் பைக்குள் உறங்குகின்றன என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

பேச்சை ஏன் வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். “வகுப்புல எழுபது பேரு இருக்கான் மேடம். ஒருத்தன் வாயத் தொறந்தா மத்த அறுபத்தொம்பது பேரும் சிரிக்கான். வீட்டுச் சொவரு சிரிக்காதுல்லா” என்றார்.

அப்படியானால் படிவத்தில் ஏன் மறுத்தார்? வாக்கியம் வாக்கியமாக எடுத்துவைத்துக்கொண்டு கேட்டபோது அவருடைய மறுப்புகளில் ஒன்றுகூடப் பழமைப் பிடிப்பாகத் தெரியவில்லை. ‘கலப்புமுறை ஆசிரியரின் பணிச்சுமையைக் குறைக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு அவர் தம் இரவுகளைப் பதிலாகச் சொன்னார். அறுபத்து நான்கு பதிவுகளைக் கேட்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பதில் சொல்ல இன்னும் அரை மணி. திரும்பக் கேட்பது, குறிப்பெடுப்பது எல்லாம் சேர்ந்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், அதுவும் ஒரே வகுப்புக்கு. ‘விரிவுரைகளை இணையத்துக்கு மாற்றிவிட்டு வகுப்பறையைக் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்தலாம்’ என்பதற்கு, தம் மாணவர்களிடம் கலந்துரையாட இன்னும் வாக்கியம் இல்லை என்றார். ‘மாணவர் தம் வேகத்தில் கற்க இது வழிசெய்கிறது’ என்பதைத்தான் மிக அழுத்தமாக மறுத்திருந்தார். “வேகம் அவங்க கையில இல்ல மேடம். போன் யாரு கையில இருக்கோ அவங்க கையில இருக்கு” என்பது அவர் விளக்கம்.

அந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒரு மாணவி இருந்தார். அவர் வீட்டில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். கல்லூரி விட்டுப் போனால் இவரும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுக்கப்போன பிறகுதான் மகள் கைக்கு அது வரும். அதனால் அவருடைய பதிவுகள் எப்போதும் இரவு பத்தரைக்கு மேல்தான் வந்தன. பேராசிரியர் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். மெல்லிய குரலில் ஆங்கில வரிகள். அவற்றின் அடியில் சீரான இடைவெளியில் ‘கிரிச், கிரிச்’ என்று ஓர் ஓசை. மறுநாள் சுற்றுவதற்கான இலையை அம்மா கத்தரித்துக்கொண்டிருந்த ஓசை அது.

ஒருநாள் அந்த மாணவி, பாடத்தைச் சார் படிப்பதையே பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். வீடியோ வேண்டாம் சார், வீடியோ என்றால் பார்க்க வேண்டும், கண்ணும் கையும் இலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அன்றிலிருந்து பேராசிரியர் திங்கட்கிழமை வரிகளைத் தம் குரலில் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார். மின்பாடம் என்றாலே ஸ்டுடியோ, பச்சைத்திரை, பவர்பாயிண்ட் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, காதுக்கு மட்டுமான பாடம் என்ற யோசனை ஒரு சுளகிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஏற்றவர்கள்

ஏற்பைக் குறித்த ஆறு பேரில் அடிக்கடி பேசப்பட்டவர் சுயநிதிப் பிரிவின் இளம் ஆசிரியை. கருவிகளில் எங்கள் எல்லோருக்கும் ஆசான் அவரே. குவிஸ் செயலிகள், பேட்லெட், காணொளித் தொகுப்பு என எதையும் ஒரு மாலையில் கற்றுக்கொண்டு மறுநாள் எங்களுக்குச் சொல்லித் தருவார். படிவத்தில் இருபதுக்கு இருபதும் ‘முற்றிலும் ஏற்கிறேன்’. முதல் முறை பேசியபோதும் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறை, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, வேறொன்றைச் சொன்னார். அந்தப் படிவம் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்துகொண்டது. பணி நீட்டிப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கும் ஒருவர் அதில் மறுப்பைக் குறிப்பாரா? “நான் எடுத்த வீடியோ எல்லாம் காலேஜ் சேனல்ல இருக்கு அக்கா. அடுத்த வருஷம் நான் இல்லன்னாலும் அது பாடம் நடத்தும்லா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மனப்பான்மையை அளக்கும் ஆய்வுகள் நம்மிடம் பெருகிக் கிடக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஐந்து கட்ட அளவுகோல் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதே அரிது. பதில் சொல்பவரின் வேலை பதிலைப் பொறுத்திருக்கும் இடத்தில் அந்த அளவுகோல் மனப்பான்மையை அளக்காது, பணிப் பாதுகாப்பையே அளக்கும். எங்கள் ஏழு பதில்களில் நேர்மையாக மறுக்கும் வசதி படைத்தவர் ஓய்வை நெருங்கிய நிரந்தரப் பணியாளர் ஒருவர்தாம், மறுத்தவரும் அவரே. இதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது குறித்து ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த மாதிரி இத்துறையில் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது. ஒரு கருவி பயனுள்ளது என்ற எண்ணமும் அது கையாள எளியது என்ற எண்ணமும் சேர்ந்தே ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். எங்கள் துறையில் எளிமை ஒரு சிக்கலாகவே இல்லை; வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவு அனுப்பத் தெரியாதவர் எவருமில்லை. பயனைப் பற்றியும் ஐயமில்லை. அந்த மாதிரிக்குள் இடம்பெறாத ஒன்றே இங்கே முடிவைத் தீர்மானித்தது: கூடுதல் உழைப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் நேரடிக் கற்பித்தலை வரையறுக்கின்றன. சுயநிதிப் பிரிவில் அந்த எண்ணைச் சொன்னால் பெருமூச்சுத்தான் பதிலாக வரும். இரு பிரிவின் கால அட்டவணையிலும் குரல்பதிவைக் கேட்பதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது.

அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று, நேர்வகுப்பை மட்டும் நம்பியதைவிட இரண்டையும் கலந்த முறையில் கற்றல் சராசரியாக மேம்பட்டிருந்ததாகக் கண்டது. கலப்புமுறையை விற்க வருகிற நிறுவனங்கள் இந்த முதல் பாதியைத் திரையிட்டுக் காட்டுகின்றன. கலப்பு வகுப்புகளில் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் சேர்ந்திருந்தன, ஆகவே மேம்பாட்டுக்கு ஊடகமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்ற அதே ஆய்வாளர்களின் எச்சரிக்கை திரையில் வருவதில்லை. எங்கள் மூத்தவரின் இரண்டரை மணி நேரம் அந்த எச்சரிக்கையின் நெல்லைப் பதிப்பு.

எஞ்சியவர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இருவர் என்னைப் போலவே கோப்பேற்றிகள். ஒருவர் தம் யூடியூப் இணைப்புகளை வாரந்தோறும் அனுப்புவார். யாரும் திறந்தார்களா என்று பார்த்ததில்லை. துறைத் தலைவர் இலக்கிய வகுப்பை இணையத்தில் தொடவே மாட்டார், ஆனால் படிவத்தைத் துறையின் நலன் கருதி நிரப்பினார்.

எழுத்து உள்ளே வந்தது, பேச்சு வெளியே போனது

2020இலிருந்து எங்களில் பலர் கட்டுரைகளையும் கடிதங்களையும் கூகுள் கிளாஸ்ரூம் வழியாகவே வாங்கிக்கொண்டிருந்தோம். தாள் மிச்சம், திருத்துவது எளிது, ஆவணமாகவும் இருக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த கல்வியாண்டில் அதன் சாயல் எங்கள் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னால், வகுப்பில் தன் ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் தடுமாறி எழுதும் மாணவர் லண்டன் வழக்கறிஞரைப் போல ஒன்றரைப் பக்கம் அனுப்பினார். சுயநிதிப் பிரிவின் இளம் ஆசிரியைதான் முதலில் முடிவெடுத்தார்: எழுத்துப் பயிற்சி இனி வகுப்பறையில், கையால், கோடு போட்ட தாளில். தொழில்நுட்பத்தை முற்றிலும் ஏற்றவர் தாளுக்குத் திரும்பினார்; சுண்ணக்கட்டிக்காரர் பேச்சை வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பினார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததில்லை.

வழக்கமான கலப்புமுறைத் திட்டங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்: வாசிப்பும் எழுத்தும் வீட்டில், பேச்சு வகுப்பில். எங்கள் வகுப்பின் அளவும் மாணவரின் கூச்சமும் வீட்டுச் சூழலும் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. எதை எங்கே வைப்பது என்ற தீர்ப்பு பாடத்திட்டக் குழுவால் சொல்லக்கூடியதாக இல்லை. அது வகுப்பறையில் நிற்பவருக்கே தெரிகிறது. மனப்பான்மை என்று நாம் அளக்க முயல்வது பெரும்பாலும் இந்தத் தீர்ப்பைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படிவம் அதைக் கேட்டிருந்தால் மூத்தவர் மறுத்திருக்க மாட்டார். ‘பிற கருத்துகள்’ என்ற பெட்டியில் அவர் எழுதியிருந்த ஒரே வரியை நான் பிறகுதான் பார்த்தேன்: எந்த வேலையை என்று சொன்னால் பதில் சொல்கிறேன்.

செலவுக் கணக்கு ஒன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் மாணவியர் பலருக்குக் கல்லூரிக்கு வருவதற்குக் காசு வேண்டாம். வீட்டிலிருந்து படிப்பதற்குத்தான் தரவுக்குக் காசு வேண்டும். இணையவழி மலிவானது என்ற வாதம் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்காது.

வெள்ளத்தின்போது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. கல்லூரி மூடப்பட்டது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பாடம் தேங்காமலிருக்க இணைய வகுப்பு நடத்தலாமே என்று ஒரு யோசனை ஆசிரியர் குழுவில் வந்தது. அதற்குப் பதில் சொல்லக்கூடப் பலரிடம் மின்சாரம் இல்லை. ஆற்றோரத்து ஊர்களில் கைபேசிச் சமிக்ஞையும் போயிருந்தது. பேரிடர்க் காலத்துக்கு இணையவழி கைகொடுக்கும் என்ற 2020இன் பாடம், பேரிடரின் வகை மாறியதும் செல்லாததாகிவிட்டது.

மூத்தவர் வகுப்பு எடுக்கவில்லை. தம் மாணவர் குழுவில் ஒரு குரல்பதிவு மட்டும் போட்டிருந்தார்: “எல்லாரும் நல்லா இருக்கியளா? சிக்னல் கெடைக்கும்போது ஒரு வார்த்த பேசிப் போடுங்க. இங்கிலீஷ்ல வேண்டாம்.” பதில்கள் ஒரு வாரம் வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கத்தரி ஓசையோடு வரும் அந்தப் பதிவு ஐந்தாம் நாள் வந்ததாகச் சொன்னார். இலை நனைந்துவிட்டதாம்; அதனால் அன்று ஓசை இல்லை.

கணக்கில் ஏறிய ஒரு மணி நேரம்

ஆய்வின் முடிவில் துறைக் கூட்டத்தில் இரண்டு வேண்டுகோள்களை எழுதி முதல்வரிடம் கொடுத்தோம். மனப்பான்மைப் படிவத்தில் மின்னஞ்சல் பதிவை நீக்குவது ஒன்று. பகுதி 2 ஆங்கிலத்துக்கு வாரந்தோறும் உள்ள வகுப்புகளில் ஒன்றைக் குரல்பதிவுகளைக் கேட்டுத் திருத்துவதற்கான நேரமாக அட்டவணையில் காட்டுவது மற்றொன்று. முதலாவது உடனே ஏற்கப்பட்டது. இரண்டாவதற்கு நீண்ட பேச்சு நடந்தது. ஆசிரியர் வகுப்பில் நிற்காத நேரத்தை வகுப்பு என்று எப்படிக் காட்டுவது, தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்பது அலுவலகத்தின் கவலை. அந்தக் கவலையை நான் கேலியாகக் கருதவில்லை. வருகைப்பதிவேட்டைக் கொண்டே கற்பித்தலை அளந்து பழகிய ஓர் அமைப்பில் அது நியாயமான கேள்விதான். கடைசியில், அந்த நேரத்தில் மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்து எழுத்துப் பயிற்சி செய்வது, ஆசிரியர் அங்கேயே மேசையில் அமர்ந்து இயர்போனில் பதிவுகளைக் கேட்டு ஒவ்வொருவராக அழைத்துத் திருத்தம் சொல்வது என்று ஏற்பாடானது. உதவிபெறும் பிரிவுக்கு மட்டும், ஒரு பருவத்துக்கு மட்டும் இசைவு கிடைத்தது. சுயநிதிப் பிரிவுக்கு ஆசிரியர் எண்ணிக்கையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது; இளம் ஆசிரியை தாமாகவே இரண்டு வகுப்புகளில் அதைச் செய்கிறார், அவர் நேரம் இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நானும் தொடங்கினேன். முதல் வாரத்தில் நாற்பத்தொரு பதிவுகள் வந்தன. எல்லாவற்றையும் கேட்டு முடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு திருத்தங்கள் சொன்னேன். அடுத்த வாரம் வந்தவை பத்தொன்பது. மூத்தவரிடம் சொன்னபோது, “ஒண்ணுக்கு மேல சொல்லாதீங்க மேடம், பயந்துருவாங்க” என்றார். இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருக்கிறது.

அட்டவணையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் முதலில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பாகப் போடப்பட்டிருந்தது. கடையம் பக்கம் போகிறவர்கள் பேருந்தைப் பிடிக்கக் கால் மணி முன்பே எழுந்துவிடுவதால் பாதிப் பேரை அழைக்கவே முடியவில்லை. அதை வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம்.